வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறுவதேன்?

செய்தித்தாளை ஒருவர் ஒரே நாளில் இருமுறை வாசிப்பதில்லை. சேதி தெரிந்தபின் அத்தாள் மீன் சுற்றுவதற்கே உதவும். கதை நூலோ இவ்விதிக்கு உட்படுவதில்லை. முடிவு இன்னதென்று முற்றும் அறிந்தவரே அதனை மறுபடியும் எடுத்து முதல் ஏட்டிலிருந்து தொடங்குகிறார். மாயமும் மந்திரமும் நிறைந்த தொடர்கதைகளில் இவ்வியல்பு மிகுதி. 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக வெளிவந்த ஹாரி பாட்டர் கதையை, ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாம் எத்தனை முறை வாசித்தோம் என்பதற்குக் கணக்கில்லை. அதே வீட்டில், அரிசிப் பானைக்கு மேலிருந்த பலகையில், அட்டை கிழிந்த 'விக்கிரமாதித்தன் கதை' ஒன்றும் கிடந்தது. பாட்டனார் அதனை ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்ப வாசித்தார். நமது பழக்கத்துக்கு ரசனை என்று பெயரிட்டோம். அவரது பழக்கத்துக்கு மூடத்தனம் என்று பெயரிட்டோம். இரண்டும் ஒன்றே என உணர நமக்கு முப்பது வயது கடக்க வேண்டியிருந்தது. அந்தப் பிழைக்குப் பரிகாரமாகவே இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் இக்கதை வந்த வழியைப் பார்ப்போம். குணாட்டியர் என்பார் பைசாச மொழியில் பிருகத்கதை என்னும் பெருநூலைச் செய்தார் என்பது மரபு. அம்மூலநூல் இன்று இல்லை; அதன் வழிவந்தவையே கிடைக்கின்றன. கொங்குவேளிர் தமிழில் இயற்றிய பெருங்கதை அவற்றுள் ஒன்று. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் செய்த கதாசரித்சாகரத்துள் வேதாளக் கதைகள் இடம்பெற்றன. சிம்மாசனத்தின் 32 பதுமைகள் போஜராஜனுக்கு உரைக்கும் கதைகள் வடமொழியில் தனி நூலாக வழங்கின. தமிழர் இவ்விரண்டையும் விக்கிரமாதித்தன் சரித்திரம் என்னும் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டனர். வடமொழியில் சிம்சுபா மரமாயிருந்தது தமிழில் முருங்கை மரமாயிற்று. அதிலிருந்து ஒரு பழமொழியும் பிறந்தது. திபெத்தியரும் மங்கோலியரும் இப்பிணக்கதைகளைத் தம் மொழிகளில் தமக்கேற்ப மாற்றிச் சொல்லிக்கொண்டனர். பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் தமிழ் வேதாளக் கதையை ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 1831-இல் லண்டனில் அச்சாயிற்று.

நமது தஞ்சோங் மாலிமும் கதை வரிசைகளுக்கு அந்நியமான ஊரன்று. 1922-இல் இங்கே சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1924-இல் மலாய் மொழிபெயர்ப்பு அலுவலகம் இக்கல்லூரிக்கு மாற்றப்பட, ஸஅபா எனப் புகழ்பெற்ற ஜைனல் ஆபிதீன் அஹ்மத் அதில் உழைத்தார். பள்ளிக்கென ஒரு நூல் வரிசையும் வீட்டில் வாசிப்பதற்கென மற்றொரு வரிசையும் அவ்வலுவலகத்திலிருந்து வெளிவந்தன. மலாய் மக்களிடமும் வேதாளக் கதையின் உறவினர் உண்டு. வடமொழியின் கிளிக்கதை பாரசீகம் சென்று, அங்கிருந்து மலாய்க்கு வந்து, 'ஹிக்காயத் பாயான் புடிமான்' ஆயிற்று. கணவன் ஊரில் இல்லாத காலத்தில் வெளியே புறப்படும் பெண்ணைக் கிளி ஒன்று இரவுதோறும் கதை சொல்லி நிறுத்தி வைக்கிறது. ஆற்றின் இக்கரையில் அவர்கள் கிளியையும், அக்கரைத் தோட்டத்தில் நாம் வேதாளத்தையும் கேட்டுக்கொண்டிருந்தோம் போலும்.

இனி, இந்நூல் தோட்டத்துக்கு வந்த விதம். 1835-இல் அச்சுச் சட்டம் தளர்ந்தபின் சென்னையில் நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின. ஏட்டிலும் நாவிலும் இருந்த கதைகள் மலிவுப் புத்தகங்களாயின. அவற்றுள் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் என்பவை தனி இனம். பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் முதலியோர் வெளியிட்ட இவற்றில் எழுத்து பருத்திருக்கும், படங்கள் முரடாயிருக்கும். எழுத்துக் கூட்டி வாசிப்பவனும், மங்கிய விளக்கொளியில் வாசிக்கும் முதியவனும் இடறாமல் செல்லலாம். அல்லி அரசாணி மாலையும் மதனகாமராஜன் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் இவ்வுருவிலேயே ஏழைகளின் கைக்கு வந்தன.

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910-இல் ஒழிந்தது; கங்காணி முறை அதன்பின்னும் நீடித்தது. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் வருடத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் பெயருக்கு நடந்த பள்ளிகளே பல. ஆகவே ஒரு லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவரே ஊர்க்கடிதம் வாசிப்பவர். இரவில் அவரே கதை வாசிப்பவர். நமது பாட்டனார் அத்தகையவர். விடியுமுன் பெரட்டு, பிறகு கித்தாக் காட்டில் நேற்று வெட்டிய அதே நிரை, அதே மரங்கள், மாலையில் குளித்து உண்டபின் வாசற்படியில் விளக்கு. வட்டமாக அமர்ந்திருந்தோர் கதையை முன்பே அறிந்திருந்தனர். அவர் ஒரு வரியைத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு கிழவி, "அதை விட்டுட்டீங்களே!" என்று கடிந்துகொள்வாளாம்.

சீர்திருத்தக்காரர் இக்காட்சியைக் கண்டு மனம் வருந்தினர். அவ்வருத்தம் நியாயமானதே. பலியும் வரமும் மந்திரமும் நிறைந்த நூலைப் படித்து இரவைப் போக்கும் மக்கள், தம் கூலியையும் குடியையும் குழந்தைகளின் கல்வியையும் பற்றி எப்பொழுது சிந்திப்பர்? இந்நூலில் பெண்களைத் தாழ்த்தும் கதைகள் பல உண்டு. பிறப்பினால் உயர்வு தாழ்வு என்பது அதன் உலகில் கேள்வியின்றி நிற்கிறது. இவற்றை மறைத்துவிட்டு நூலைப் புகழ்வது நமது நோக்கமன்று. ஆனால் மக்கள் எதற்காகத் திரும்பத் திரும்ப வந்தனர் என்பதை ஆராயாமல் அவர்களைக் கடிந்ததில் ஒரு குறை இருந்தது. பேய்க்காக வந்தனர் என்று நாம் எண்ணினோம். பேயை ஒருமுறை கேட்டால் போதும். இருபது முறை கேட்டால் அச்சம் போய்விடும். அச்சம் தீர்ந்தபின்னும் அவர்கள் வந்தமைக்குக் காரணம் வேறாகவே இருத்தல் வேண்டும்.

ஒரு காரணம் காடாறு மாதம், நாடாறு மாதம் என்னும் ஏற்பாடு. விக்கிரமாதித்தன் ஆயிரம் வருஷம் சிம்மாசனத்தில் இருப்பதற்கு வரம் பெறுகிறான். மந்திரி பட்டியோ காளியிடம் இரண்டாயிரம் வருஷ ஆயுள் பெற்றுவிடுகிறான். அரசனைப் பிரிய மனமில்லாத பட்டி ஒரு யுக்தி சொல்கிறான்: ஆறு மாதம் சிம்மாசனத்தில் இரு; ஆறு மாதம் காட்டில் திரி; அரியணைக் கணக்கில் ஆயிரம், ஆயுள் கணக்கில் இரண்டாயிரம்! இதனைக் கேட்டவர்கள் யார்? கொஞ்ச காலம் காட்டிலிருந்து பொருள் தேடி ஊர் திரும்பலாம் என்று கங்காணி சொல்லக் கப்பலேறியவர்கள். அவர்களுடைய காடாறு மாதம் முடியவேயில்லை. காட்டு வாழ்வையும் ஓர் அரசன் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டான் என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதலாயிருந்திருக்கும்.

இதனினும் பெரிய காரணம் வேதாளத்தின் நிபந்தனையில் இருக்கிறது. அரசன் பிணத்தைத் தோளில் சுமந்து செல்கிறான். வேதாளம் வழக்கொன்றைக் கதையாகச் சொல்லித் தீர்ப்பைக் கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரமேறிவிடும். சுமையை முதலிலிருந்து சுமக்கவேண்டும். அரசன் என்ன செய்கிறான்? ஒவ்வொரு முறையும் பேசுகிறான். உழைப்பு வீணாகும் என்று அறிந்தே நியாயத்தைச் சொல்கிறான். தோட்டத்துத் தொழிலாளிக்கு இந்நிபந்தனையை எவரும் விளக்க வேண்டியதில்லை. எடையில் குறை என்று வாய் திறந்தால் சீட்டு கிழியும். திறவாவிட்டால் நெஞ்சு வெந்து சாகவேண்டும். நீதிமன்றம் எட்டாத தூரத்திலிருந்தோர்க்கு, ஓர் அரசன் இரவுதோறும் அஞ்சாமல் தீர்ப்புரைப்பதைக் கேட்பது எத்தகைய உணவு!

அத்தீர்ப்புகளும் கேட்டவுடன் அடங்குபவையல்ல. ஒரு பெண்ணை மூவர் விரும்புகின்றனர், அவள் இறந்துபோகிறாள். ஒருவன் அவள் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான். ஒருவன் சாம்பலின்மேல் படுத்துக் கிடக்கிறான். ஒருவன் மந்திரம் கற்றுவந்து அவளை எழுப்புகிறான். அவள் யாருக்கு மனைவி? உயிர் கொடுத்தவன் தந்தை. எலும்பு சுமந்தவன் மகன். உடன் கிடந்தவனே கணவன் என்கிறான் அரசன். மற்றொரு கதையில், வெட்டுண்ட இருவரின் தலைகள் மாறிப் பொருந்திவிடுகின்றன. தலை எவ்வுடலில் இருக்கிறதோ அவனே கணவன், அங்கங்களுள் தலையே பிரதானம் என்பது தீர்ப்பு. இத்தீர்ப்பு உலகத்துக்கு இன்னும் செரிக்கவில்லை. ஜெர்மன் ஆசிரியர் தாமஸ் மான் 1940-இல் இதனை மறுபடியும் எழுதினார். கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் 1971-இல் 'ஹயவதன' நாடகத்தில் மறுபடியும் வழக்கைத் திறந்தார். பேரறிஞர்கள் செய்தால் இலக்கியம், லயத்து வாசற்படியில், "அந்தப் பெண்ணைக் கேட்டார்களா?" என்று ஒருத்தி கேட்டால் வெறும் வம்பா? தீராத வழக்குக்கே மனிதர் திரும்ப வருவர்.

வேதாளத்தின் நிபந்தனை நமது ஊரையே ஒருமுறை பிடித்தது. அவசரகாலத்தில், 1952 மார்ச் 25-ஆம் நாள், தஞ்சோங் மாலிம் அருகே பதுங்கியிருந்தோர் தாக்கிப் பன்னிருவரைக் கொன்றனர். ஹைகமிஷனர் டெம்பிளர் நேரில் வந்தார். தெரிந்தும் சொல்லாத ஊர் என்று கடிந்து, நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். வீடுதோறும் கேள்வித்தாள் கொடுத்து, பூட்டிய பெட்டிகளில் விடையைத் திரும்பப் பெற்றனர். ஏறக்குறைய இரு வாரங்கள் ஊர் அடைபட்டுக் கிடந்தது. சொன்னால் காட்டிலிருப்போர் பழி. சொல்லாவிட்டால் சர்க்கார் தண்டனை. அப்பூட்டிய கதவுகளுக்குப் பின்னாலிருந்த ஜனங்களுக்கு வேதாளம் கட்டுக்கதையாகத் தோன்றியிருக்குமா?

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். கிராணி என்பவன் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவன். கணக்கு அவன் கையில். நாம் முன்பு வேலைபார்த்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் முதிய தொழிலாளி ஒருவரின் நாட்கணக்கு ஒரு மாதத்தில் குறைத்து எழுதப்பட்டிருந்தது. குறைத்தது நாமல்லோம், ஆனால் கண்டவர் நாம். பேசினால் மேலிடத்துக்கு ஆகாது என்று பேசாமலிருந்தோம். சம்பள நாளில் அவர் பணத்தை எண்ணினார், மறுபடியும் எண்ணினார், நம்மைப் பார்த்தார். "கிராணி ஐயா, வேதாளம் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்றிரவு பலகையிலிருந்த புத்தகத்தை முதன்முறையாக நாமாகவே எடுத்தோம். மறுநாள் கணக்கைத் திருத்தும்படி எழுதிக் கொடுத்தோம். அவருக்குப் பணம் கிடைத்தது. நமக்கு வேறு தோட்டம் தேடவேண்டியதாயிற்று. இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு மாதம் முழுவதும் நாம் வாய் மூடியிருந்தோம் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

கித்தா மரங்கள் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல லயங்கள் இடிந்தன. குடிகள் பட்டணத்து அடுக்குவீடுகளுக்குச் சென்றனர். 1947 முதல் வெளிவந்து பிள்ளைகளுக்கு வேதாளத்தை அறிமுகம் செய்த அம்புலிமாமாவும் நின்றுபோயிற்று. வாளேந்திப் பிணம் சுமந்த அரசனை அதில் வரைந்த ஓவியர் சங்கர் 2020-இல் மறைந்தார். இக்காலப் பிள்ளைகள் ஆங்கில மாயக் கதைகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைப் பார்த்து நாம் வருந்தவேண்டியதில்லை. நமது பாட்டனார் செய்ததையே அவர்கள் செய்கின்றனர். நாம் செய்யவேண்டுவது, வாசற்படி விளக்கை மறுபடியும் ஏற்றுவதுதான். வேதாளத்தின் கேள்வியை வீட்டில் வாசித்து, அரசன் விடை சொல்லுமுன் புத்தகத்தை மூடி, "உன் தீர்ப்பு என்ன?" என்று பெண்பிள்ளையையும் ஆண்பிள்ளையையும் கேளுங்கள். அரசன் தீர்ப்பை அவர்கள் மறுத்தால் தடுக்காதீர்கள். பழைய நூலில் பழுதான பகுதியைக் களையும் பகுத்தறிவு அந்த மறுப்பிலேயே பிறக்கும்.

சோமதேவர் நூலின் கடைசி வழக்கில், தந்தை மகளையும் மகன் அவள் தாயையும் மணந்துகொள்கின்றனர். பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. அரசனுக்கு விடை தெரியவில்லை, மௌனமாக நடக்கிறான், வேதாளம் மகிழ்ந்து அவனுக்கு உதவுகிறது. தெரியாதவனுடைய மௌனத்துக்கு அங்கே தண்டனையில்லை. தெரிந்தவன் வாய் மூடியிருந்தால்தான் தலை வெடிக்கும். நமது பாட்டனார் இதனை வருஷந்தோறும் வாசித்தார். கணக்குப் புத்தகம் திறந்திருக்கும் மேசைமேல் இப்பொழுது நாமும் அப்பெரிய எழுத்துப் புத்தகத்தை வைத்திருக்கிறோம்.