நாடாவில் சுழன்ற குரல்கள்

இங்கிலாந்தில், மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள ஸ்டாக்போர்ட் நகரத்தில், பீட்டில்ஸ் குழுவினரின் பாடலொன்றை நினைந்து ஸ்ட்ராபெரி என நாமகரணம் செய்யப்பட்ட ஒலிப்பதிவுக் கூடத்தில், டென் சிசி என்னும் நால்வர் குழுவினர் உருவாக்கி 1975-இல் வெளியிட்ட ‘ஐம் நாட் இன் லவ்’ என்ற பாட்டின் சரித்திரத்தில் புகுவோர் முதற்கண் அறிய வேண்டுவது, அது ஒருமுறை அழிக்கப்பட்ட பாட்டு என்பதேயாம்.

அன்பை அடிக்கடி வாய்விட்டுச் சொல்வதில்லையென்று மனைவி குறைகூறியதிலிருந்து குழுவினருள் ஒருவரான எரிக் ஸ்டூவர்ட்டுக்கு உதித்த கருத்து அது. காதலில்லை என்று மறுத்து மறுத்தே காதலை வெளிப்படுத்தும் அப்பாட்டை அவரும் கிரஹாம் கோல்ட்மனும் சேர்ந்து இயற்றினர். பிரேஸில் தேசத்துப் பாஸநோவா நடையில் அமைந்த முதற்பதிவு மற்ற இருவருக்கும் உவப்பாயில்லாமையால் நாடா துடைக்கப்பட்டது. ஆயினும் கூடத்து ஊழியர்கள் அந்த மெட்டை ஓயாமல் முணுமுணுக்கக் கேட்டு, மீண்டும் அதனைக் கையிலெடுத்தபோது, வாத்தியங்களை விடுத்து மனிதக் குரலையே ஆதாரமாக்கலாம் என்று யோசனை கூறியவர் அவ்விருவருள் ஒருவரான கெவின் காட்லி.

அந்த யோசனைக்கு உருக்கொடுத்த பிரயாசையையே நான் பெரிதாக மதிக்கிறேன். கோல்ட்மன், காட்லி, லால் க்ரீம் ஆகிய மூவரும் ஒரே ஸ்வரத்தைப் 16 முறை பாட, ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல்கள் திரண்டன. ஸ்தாயியிலுள்ள ஒவ்வொரு ஸ்வரஸ்தானத்துக்கும் இவ்வாறே பாடி முடிக்க ஏறத்தாழ மூன்று வாரங்கள் சென்றன. நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால் குரல் இடையறாது ஒலிக்குமென்றாலும், ஒட்டிய இடம் இயந்திரத்தைக் கடக்குந்தோறும் சிறு இடறல் கேட்குமாதலின், அது இயன்றவரை அரிதாக நேரும்பொருட்டு, 12 அடி நீள வளையத்தை மைக் தாங்கும் கம்பத்தின்மீது சுற்றி ஓடவிட்டார் ஸ்டூவர்ட். பின்னர் அக்குரல்களையெல்லாம் தனித்தனித் தடங்களில் ஏற்றி, நால்வரும் ஒலிக்கட்டுப்பாட்டு மேஜையின் முன் அமர்ந்து, ஒவ்வொரு தடத்தையும் விரலால் உயர்த்தியும் தாழ்த்தியும் வாசித்தனர். எந்தத் தடமும் முற்றிலும் அடங்கிவிடாதபடி அடியில் பசைநாடாவை ஒட்டிவைத்தமையால், கச்சேரி முழுதும் பின்னின்று மீட்டப்படும் தம்புராவைப்போல் ஒரு மெல்லிய ரீங்காரம் பாட்டெங்கும் நிலைபெற்றது. நடுவே காதோரமாய்த் தேறுதல் கூறும் பெண்குரல், கூடத்தின் அலுவலகத்தில் பணிபுரிந்த ஒருவருடையது.

ஆறு நிமிஷத்துக்கு மேற்பட்ட நீளம் வானொலிக்கு ஒவ்வாதென்னும் தயக்கத்தால், இப்பாட்டு இடம்பெற்ற இசைத்தொகுப்பிலிருந்து வேறொரு பாட்டே முதலில் தனித்தட்டாக வெளிவந்தது. பின்னர் இது வெளிவந்தபோதோ, பிரிட்டனில் இரண்டு வாரம் முதலிடத்தையும், அமெரிக்காவில் மூன்று வாரம் இரண்டாமிடத்தையும் பெற்றது. காதலில்லை என்ற சொல்லுக்கு மயங்காமல், அதன் அடியில் ஒலித்த குரல்களின் வழியே ஜனங்கள் உண்மையைத் தெரிந்துகொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மறு ஆண்டே, யோசனை கூறிய காட்லியும் அவருடன் க்ரீமும் குழுவினின்று விலகினர்.