வேட்டை நாயைத் திருப்பிக் கூப்பிடுதல்: ஒரு சின்ன வரலாறு

நாயை ஏவிவிட 'சூ' எண்டு ஒரு சொல் போதும். ஓடினதைத் திருப்பிக் கூப்பிடத்தான் பாடுபட வேணும். வேட்டைக்குப் பழக்குற நாய் இளசாக இருந்தால் பாடு இன்னும் கூட. துடிப்பில்லாத குட்டி வேட்டைக்கு உதவாது. துடிப்புள்ள குட்டிக்கோ, முயலின்ர மணம் மூக்கில ஏறினால் எசமானின் குரல் காதில் விழாது. துடிப்பையும் கெடுக்காமல் திரும்பியும் வரவைப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய பதில்களை நாங்கள் தேடிப் பார்த்தோம். தேடல் கடைசியில் எங்கட நாட்டு 1848இல் வந்து நிண்டது.

முதல் பதில் கிரேக்கத்தில் இருக்கிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய செனபோன் சோக்கிரடீசிடம் பழகியவர், படை நடத்தியவர். வேட்டை பற்றி ஒரு சிறு நூல் அவர் பெயரில் வழங்குகிறது. அந்தக் காலத்து முயல் வேட்டையில் முதலில் வலை கட்டுவார்கள். பிறகு நாய்களை விட்டு முயலை வலைப்பக்கம் விரட்டுவார்கள். நாயின் பெயர் சிறியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் கூப்பிட லேசு என்பது நூலின் அறிவுரை. உயிர், ஈட்டி, காவலன் என்று பொருள்படும் 40க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன.

பெட்டைக் குட்டியை 8 மாதத்திலும் கடுவன் குட்டியை 10 மாதத்திலும் வேட்டைக்குக் கொண்டுபோகலாம் என்கிறது நூல். ஆனால் எடுத்த உடனே அவிழ்த்துவிடக் கூடாது. நீளக் கயிற்றில் பிடித்தபடி, மணம் பிடித்துப்போகும் பெரிய நாய்களுக்குப் பின்னால் விட வேண்டும். அடுத்ததுதான் முக்கியமான யோசனை. வலையைக் கழற்றும் நேரத்தில் குட்டிகளுக்கு வலையடியிலேயே சாப்பாடு வைக்க வேண்டும். அனுபவமில்லாமல் வழி தவறிய குட்டியும் சாப்பாட்டை நாடி அங்கே வந்து சேரும், தொலைந்து போகாது. அந்தச் சாப்பாட்டையும் எசமானே கொடுப்பது நல்லது, ஏனெண்டால் பசியாற்றியவரில் நாய்க்கு அன்பு வரும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அரியன் இந்த நூலுக்குத் தொடர்ச்சி எழுதினார். நாயைத் தடவிக்கொடுத்து, பெயர் சொல்லிப் பாராட்டச் சொன்னவர் அவர். ஆக, நாயின் மனசை வைத்தே அதைத் திரும்ப வரவைக்கலாம் என்ற அறிவு இண்டைக்கு நேற்றுப் பிறந்ததில்லை.

ஆனாலும் அடிதான் பல இடங்களில் ஆட்சி செய்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாய் பழக்கும் தொழிலுக்கு இருந்த ஆங்கிலப் பெயருக்கே 'உடைத்தல்' எண்டுதான் அர்த்தம். முதலில் நாயின் பிடிவாதத்தை உடை, பிறகு பணிவு தானாக வரும் என்ற நினைப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

1848இல் லண்டனில் டபிள்யூ. என். ஹட்சின்சன் என்ற இராணுவ அதிகாரி ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பில் அதே 'உடைத்தல்' இருந்தாலும், உள்ளே அவர் கடும் அடியைக் கண்டித்தார். வேட்டைக்களத்துக்குப் போக முன்பே, கவனம் கலையாத இடத்தில் பாடங்களைத் தொடங்கச் சொன்னார். கத்தாமல் மெல்லிய விசில், கைச்சைகை, நீளக் கயிறு, சொன்னபடி செய்தால் தின்ன ஒரு சின்னத் துண்டு: இவைதான் அவருடைய கருவிகள்.

இது ஏன் வேலை செய்யுது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. பத்துத் தரம் கூப்பிட்டும் வராத நாய் பதினோராம் தரம் வருகிறது. அப்போது அடித்தால், நாயின் கணக்கில் அந்த அடி பிந்தி வந்ததுக்கு இல்லை, வந்ததுக்கு. அடுத்த முறை அது வரவே யோசிக்கும். வேட்டை முடியும்போது மட்டும் கூப்பிட்டாலும் இதே கதிதான்: 'வா' என்ற சொல்லுக்கு 'சந்தோசம் முடிஞ்சுது' எண்டு அது அர்த்தம் எடுத்துக்கொள்ளும். அதனால் இடையிடையே கூப்பிட்டு, பாராட்டி, திரும்பவும் ஓடவிட வேணும்.

அதே 1848இல் இலங்கையில் என்ன நடந்தது? நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டை நாய்க் கூட்டத்தோடு குடியேறினார். அந்த மலைக்காடுகளில் மரையைத் துரத்த நாய்களை விட்டு, கத்தியால் முடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. அவருடைய நூலில் நாய்களின் பெயர்களும் சாகசங்களும் நிறைய. சிறுத்தையிடமும் பன்றியிடமும் பட்டு அவை செத்த கதைகளும் அதில் இருக்கின்றன.

அந்த ஆண்டுதான் ஆளுநர் டொரிங்டனின் அரசு துவக்குக்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி போட்டது. கூடவே நாய்க்கும் வரி. வீதி வேலைக்கு உடல் உழைப்பும் கேட்டது. இவையெல்லாம் சேர்ந்துதான் ஜூலையில் மாத்தளையிலும் குருணாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். பாடப்புத்தகத்தில் 'நாய் வரி' எண்டு வாசித்துச் சிரித்தவர்கள் எங்களில் பலர். ஆனால் சேனைக்குக் காவலாகவும் வேட்டைக்குத் துணையாகவும் நிண்ட நாய் கிராமத்துக் குடும்பத்துக்குப் பிழைப்பின் ஒரு பங்கு. அதைத் தொட்டால் கோபம் வரும்தானே.

எங்களுக்கு உறுத்துற விசயம் இதுதான். செனபோனின் நாய்களுக்குப் பெயர் இருக்கு. பேக்கரின் நாய்களுக்கும் இருக்கு. வரி போடப்பட்ட கிராமத்து நாய்கள் எங்கட வரலாற்றுப் பாடத்தில் வெறும் வரித் தலைப்பாகத்தான் வருகின்றன. அவற்றைப் பழக்கியவர்கள் என்ன சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள், திரும்பி வந்தால் என்ன கொடுத்தார்கள் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லுறதில்லை. அது கையிலும் வாயிலும் இருந்த அறிவு.

வன்னியிலோ மட்டக்களப்பிலோ மலையகத்திலோ, நாயோடு காடு போன பெரியாக்கள் இப்பவும் இருக்கினம். உங்கட ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் போய்க் கேளுங்கோ: "ஐயா, ஓடுற நாயை எப்பிடித் திருப்பிக் கூப்பிட்டனீங்கள்?" அவர் சொல்லுற சொல்லையும், போடுற சீக்காயையும், அவருடைய நாய்களின் பெயர்களையும் எழுதி வையுங்கோ. ஃபோனில் பதிவு செய்தாலும் காணும். பிந்தினால் கேட்க ஆள் இருக்காது.