வெண் பாஸ்பரஸிலிருந்து செம்பாஸ்பரஸுக்கு: தீக்குச்சி வேதியியலின் சமூக வரலாறு

முன்னுரை

அன்றாட வாழ்வில் வேதியியலின் பங்கு என்றதும் கண்டுபிடிப்புகளை வரிசைப்படுத்துவதே வழக்கமாக இருக்கிறது. ஒரு கண்டுபிடிப்பின் பயன் உழைக்கும் மக்களைச் சென்றடைய எவ்வளவு காலம் ஆயிற்று, இடையில் தடையாக நின்றது எது என்ற கேள்விகள் குறைவாகவே எழுகின்றன. தீங்கற்ற மாற்று கிடைத்த பின்னும் தீக்குச்சித் தொழில் நச்சுப் பொருளைக் கைவிட அரை நூற்றாண்டு ஆயிற்று. கைவிடச் செய்தவை தொழிலாளர் போராட்டமும் சட்டமுமே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ஒரே தனிமம், இரு இயல்புகள்

1827இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர், ஆண்டிமனி சல்பைடும் பொட்டாசியம் குளோரேட்டும் கலந்த உரசு குச்சிகளை விற்றார். சில ஆண்டுகளில் பிரான்சின் சார்ல் சோரியா வெண் பாஸ்பரஸைப் பயன்படுத்தினார். எங்கே உரசினாலும் அக்குச்சி பற்றியது, விலையும் மலிவு. ஆனால் பாஸ்பரஸ் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களுக்குப் பல்வலி வந்தது, ஈறு வீங்கிச் சீழ் வடிந்தது, முடிவில் தாடை எலும்பே அழுகியது. வியன்னா மருத்துவர் லோரின்சர் 1845இல் இந்நோயைப் பதிவுசெய்தார்.

மாற்றும் அதே நகரில்தான் தெளிவாயிற்று. வெண் பாஸ்பரஸைக் காற்றுப் புகாமல் சூடாக்கினால் அது செம்பாஸ்பரஸாக மாறும் என்று அன்டன் ஷ்ரோட்டர் 1840களில் காட்டினார். எளிதில் ஆவியாகாத இவ்வடிவம் தாடை நோயைத் தருவதில்லை. ஸ்வீடனின் குஸ்தாவ் பாஷ் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து பிரித்துப் பெட்டியின் பக்கத்துக்கு மாற்றினார். அந்நாட்டு லுண்ட்ஸ்ட்ரம் சகோதரர்கள் இந்தப் பாதுகாப்புத் தீக்குச்சியை மேம்படுத்தி 1855 பாரிஸ் கண்காட்சியில் பரிசு பெற்றனர்.

பெட்டியில் குச்சியை உரசும்போது சூட்டில் துளியளவு செம்பாஸ்பரஸ் வெண் பாஸ்பரஸாகிப் பற்றுகிறது. குச்சி முனையின் குளோரேட் ஆக்சிஜனை வெளிவிட, கந்தகம் எரிந்து மரத்தைப் பற்றவைக்கிறது. நச்சு வடிவம் அந்த நொடியில் தோன்றி அங்கேயே எரிந்து தீர்கிறது.

போராட்டமும் சட்டமும்

ஆக, 1855இலேயே வேதியியல் தன் விடையைத் தந்துவிட்டது. ஆனால் வெண் பாஸ்பரஸ் குச்சி மலிவானது, எங்கும் உரசக்கூடியது என்பதால் உற்பத்தியாளர்கள் அதை விடவில்லை. லண்டனின் பிரயன்ட் அண்ட் மே நிறுவனம் பாதுகாப்புத் தீக்குச்சிக்கான உரிமையை வாங்கியிருந்தும் பழைய குச்சியையும் தயாரித்துவந்தது. அங்கே வேலைபார்த்த பெண்களின் அவலத்தை 1888 ஜூனில் அன்னி பெசன்ட் எழுதி வெளியிட்டார். பின்னாளில் சென்னை அடையாறிலிருந்து பிரம்மஞான சபையை வழிநடத்தியவர் இவர்தான். ஜூலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தனர். உணவில் பாஸ்பரஸ் படியாதிருக்க, சாப்பிடத் தனி அறை வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை ஏற்கப்பட்டது. தடை மட்டும் மெல்ல மெல்லவே வந்தது. 1872இல் பின்லாந்தும் 1874இல் டென்மார்க்கும் முந்திக்கொண்டன. 1906இல் வெண் பாஸ்பரஸ் குச்சியைத் தடைசெய்யும் பன்னாட்டு பெர்ன் உடன்படிக்கை கையெழுத்தானது. பிரிட்டனில் 1908இலும் இந்தியாவில் 1913இலும் தடைச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

சிவகாசி

கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அப்போது வெண் பாஸ்பரஸுக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை. வானம் பார்த்த அந்தக் கரிசல் பூமியின் குடும்பங்களுக்குத் தாடை நோயின்றிப் பிழைக்கும் வழி கிடைத்ததில் அந்தத் தடைக்கும் பங்குண்டு. ஆயினும் பொருள் பாதுகாப்பானதாலேயே உழைப்பும் பாதுகாப்பானதாகிவிடவில்லை. பல தலைமுறைக் குழந்தைகள் பள்ளிக்குப் போகாமல் குச்சி அடுக்கினார்கள். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் தீப்பெட்டித் தயாரிப்பில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைத் தடைசெய்ய வேண்டியிருந்தது.

முடிவுரை

ஒரு பொருளின் தீங்கு என்ன, அதற்கு மாற்று என்ன என்பதை வேதியியல் சொல்லும். அந்த மாற்றைக் கட்டாயமாக்குவது சமூகத்தின் பொறுப்பு. 1855க்கும் தடைச் சட்டங்களுக்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் தாடை இழந்தவர்கள் அறிவியலின் போதாமையால் பாதிக்கப்படவில்லை. தெரிந்த உண்மையைச் செயலாக்க மறுத்ததால் பாதிக்கப்பட்டார்கள். இன்றைய தொழிற்சாலைகளின் நச்சுப் பொருள்களை மதிப்பிடும்போதும் மாற்று உண்டா என்பதோடு, இருந்தும் அது ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்றும் நாம் கேட்டாக வேண்டும்.