கோடிக்கரைக்கு வந்த சபாரிக்காரர்கள்

'சபாரி' என்றவுடன் சிங்கமும் வரிக்குதிரையும் நிறைந்த ஆப்பிரிக்கப் புல்வெளியே நம் நினைவுக்கு வருகிறது. கிழக்காப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதுதான் பொருள். அதன் மூலம் அரபு மொழியின் 'சபர்'. தஞ்சைத் தரணிக்கும் அது புதிதன்று. நாகூர் போன்ற ஊர்களில், கடல் கடந்து பொருளீட்டச் சென்றவரைச் 'சபராளி' என்று அழைப்பதுண்டு. அவர் வயிற்றுப்பாட்டுக்காகச் சென்றார். வீட்டுக்குப் பணம் அனுப்பினார். ஆயினும் உலகப் புகழ் பெற்றவர்கள் துப்பாக்கியும் தொப்பியுமாகச் சென்றவர்களே!

அவர்களுள் தலையாயவர் தியோடர் ரூஸ்வெல்ட். அமெரிக்க ஜனாதிபதி பதவியினின்று நீங்கிய கையோடு, 1909ஆம் ஆண்டில், அருங்காட்சியகத்திற்கு மாதிரிகள் திரட்டக் கிழக்காப்பிரிக்கா சென்றார். தந்தையும் மகனுமாகச் சுட்டு வீழ்த்திய விலங்குகளும் பறவைகளும் 512. தோல் கெடாதிருக்க நான்கு டன் உப்பும் உடன் சென்றது! 1930இல் ஒரு கைப்பிடி உப்பள்ளியதற்காகத் தடியடி பட்ட வேதாரண்யத்துத் தொண்டர்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் என்ன நினைத்திருப்பார்களோ!

அந்த வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடல் வளைந்து திரும்பும் முனையில் இருக்கிறது கோடிக்கரை. எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் இங்கு வந்தார். ஆந்தையும் கூகையும் அலறும் காட்டில், கடற்காற்று மோதும் கரையில், இறைவன் துணையின்றித் தனித்திருக்கிறாரே என்று மனமுருகிப் பாடினார். வந்த இடத்தில் தம் வசதியை எண்ணாமல் அங்கிருப்பவரின் நிலையை எண்ணி வருந்திய யாத்திரிகர் அவர்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1962இல் இவ்விடத்தின் அருமையை எடுத்துக்காட்டினார். 1967இல் இது சரணாலயமாயிற்று. அப்போது தஞ்சை மாவட்டத்தில் இருந்த ஊர், 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது. வெளிமானும் புள்ளிமானும் நரியும் இங்குண்டு. மழைக்காலத்தில் பூநாரைகள் வந்திறங்கும். சிங்கம் இல்லை, புலி இல்லை. அதுவே வருவோரின் பெருங்குறை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற நாட்களில், "புலி எங்கே?" என்று வனக்காவலரை அதட்டும் பெரியவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிள்ளைகள் அவ்வளவு ஏமாறவில்லை. புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு ஓடியதிலேயே அவர்களுக்குப் பரம திருப்தி.

இங்கே திரியும் மட்டக்குதிரைகளும் வேடிக்கையானவை. ஒரு காலத்தில் மனிதர் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை, கடிவாளத்தை மறந்து காட்டுயிராகிவிட்டன. நாமோ வண்டியை விட்டு இறங்க மனமின்றி, அதன் சன்னல் வழியே காட்டைப் பார்க்கிறோம். முறுக்கிய கொம்பும் கரிய முதுகுமாக ஆண் வெளிமான் நிமிர்ந்து நின்று வந்தவர்களை உற்றுப் பார்க்கும். அவர்களோ மானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பேசியில் தம் முகத்தையே படம் பிடிப்பார்கள். ரூஸ்வெல்ட் சுட்டாரே ஒழிய, மானை நேருக்கு நேர் பார்த்தாவது சுட்டார்!

"மான் ஏன் இப்போதெல்லாம் கண்ணில் படுவதில்லை?" என்பது அண்மைக்காலக் கேள்வி. வெளிமான் பெயருக்கேற்ப வெட்டவெளியில் வாழும் உயிர். தொலைவில் வரும் பகையைக் கண்ணால் கண்டு, காலால் ஓடித் தப்புவது அதன் வழக்கம். அந்தப் புல்வெளியைச் சீமைக்கருவேலம் ஆண்டுதோறும் விழுங்கி வருகிறது. எஞ்சிய புல்லுக்கும் நீருக்கும் குதிரைகள் போட்டியிடுகின்றன. சுட வந்தவர்களிடமிருந்து சட்டம் மானைக் காத்துவிட்டது. முள்மரத்தையோ வேரோடு பிடுங்கினாலும் விதை மறுபடி முளைக்கிறது. அதன் காயைத் தின்று எச்சத்தோடு விதையைப் பரப்பும் கால்நடையை எந்தச் சட்டத்தால் தண்டிப்பது?