குகை என்று ஒரு சொல்

குணா குகைக்கு முதல்முறை போனபோது எனக்குப் பதினோரு வயது. படம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. சின்ன மாமா ஒரு கல்லைப் பொறுக்கிக் கையில் கொடுத்து, "உள்ள போடுடா, சத்தம் வருதான்னு பாப்போம்" என்றார். போட்டேன். எங்கோ ஒருமுறை இடித்தது. இன்னும் கீழே இன்னொரு முறை. அப்புறம் ஒன்றுமில்லை. அவ்வளவு நேரமும் மாமா என் சட்டைக் காலரை இறுகப் பிடித்திருந்தார் என்பது திரும்பும்போதுதான் தெரிந்தது.

குகை என்றால் வாசல் இருக்க வேண்டும், நடந்து உள்ளே போகத் தரை வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போன எனக்கு அது பெரிய ஏமாற்றம். அந்த ஏமாற்றம் சரியானதுதான் என்று புரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

கொடைக்கானலின் தூண் பாறைகள் மூன்றும் சுமார் 122 மீட்டர் உயரம். தோளோடு தோள் உரசி நிற்கும் அந்தப் பாறைகளுக்கு இடையே விழுந்த பிளவுகளைத்தான் நாம் குகை என்கிறோம். ஆந்திராவின் போரா குகைகள் சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்துக் குடைந்தவை. அங்கே படியிறங்கி நடக்கலாம். கொடைக்கானல் பாறை அப்படிக் கரைகிற ரகமில்லை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெந்து இறுகியது. மேலிருந்த சுமை தேய்ந்து, பாறை மெல்ல மேலே வந்தபோது செங்குத்தாக விரிசல் விட்டது. மழைநீர் விரிசலில் இறங்கியது, மண்ணும் வேரும் பின்னாலேயே இறங்கின, விரிசல் அகன்றது. எஞ்சி நின்றவை தூண்கள். நடுவில் இருப்பது இடுக்கு. அதன் மேல்வாயைச் சருகும் பாசியும் சோலை மரத்து வேர்களும் மூடிவிட்டால் பார்க்கத் தரை மாதிரியே இருக்கும்.

இந்தக் கல்லின் பெயருக்கே ஒரு கதை உண்டு. சார்னாக்கைட். கல்கத்தாவை நிறுவியவர் என்று வெகுகாலம் சொல்லப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இவ்வகைக் கல்லால் ஆனது. அந்தப் பலகை வங்காளத்துக் கல்லே இல்லை, நம்ம பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. 1893இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், கல்லறையில் கிடந்தவரின் பெயரையே பாறைக்கும் வைத்துவிட்டார். பல்லாவரத்துக்காரர் யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை!

மலையிலும் அதே கதைதான். 1821இல் பழனி மலைகளை அளக்க வந்தவர் லெப்டினென்ட் பி.எஸ். வார்டு. இந்தப் பிளவுகளைக் 'கண்டுபிடித்தவர்' அவர் என்றே சுற்றுலாக் குறிப்புகள் சொல்கின்றன. அளக்க வந்தவருக்குக் கண்டுபிடித்தவர் பட்டம். பளியரும் புலையரும் குன்னுவரும் அவருக்கு வெகுமுன்பே இந்த மலையில் வாழ்ந்தவர்கள். அவர்களுக்கும் முந்தைய மனிதர்கள் எழுப்பிய கற்திட்டைகள் தாண்டிக்குடிப் பக்கம் இன்றும் நிற்கின்றன. ஆனாலும் பிளவிலிருந்து எழும் மூடுபனியை அடுப்புப் புகையாகப் பார்த்த வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்தான் ஏட்டில் ஏறியது: டெவில்ஸ் கிச்சன், பேயின் சமையலறை.

அந்தப் பெயரில் ஒரு நன்மை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பேயின் சமையலறைக்குள் விருந்துக்குப் போக யாருக்கும் ஆசை வராது.

1991 தீபாவளிக்குக் 'குணா' வந்தது. கமல்ஹாசனும் படக்குழுவும் கயிறு கட்டி இறங்கி எடுத்த காட்சிகள், இளையராஜாவின் அந்தக் கடிதப் பாட்டு. பேய் ஓடிவிட்டது, காதல் குடிவந்தது. படத்தின் மேல் எனக்குக் குறையில்லை. இன்றும் பிடித்த படம்தான். ஆனால் ஆழம் தெரியாத இடுக்கு ஒன்று அன்றிலிருந்து குகை ஆகிவிட்டது. வேரில் பெயர் செதுக்கவும் எட்டிப் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். சிலர் திரும்பவில்லை. வேலி வந்தது. 2006இல் எர்ணாகுளத்துப் பக்கம் மஞ்ஞும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் உள்ளே விழுந்தார். இன்னொருவர் கயிற்றில் இறங்கி அவரை உயிரோடு மேலே கொண்டுவந்தார். 2024இல் அது 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஆனது. படத்தில் நாம் பார்த்த உட்புறம் பெரும்பாலும் பெரும்பாவூரில் போட்ட செட். மீட்கப்பட்ட ஒருவரின் கதை, மீளாதவர்கள் கிடக்கும் இடத்துக்குப் புதிய கூட்டத்தைக் கூட்டி வந்தது.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். படம் பார்த்த மாதமே கொடைக்கானலுக்குப் பஸ் ஏறிவிட்டேன். வேலிக்கு இப்பால் எல்லார் போனிலும் அதே பாட்டு. படத்தில் விழுந்தவனின் பெயரைச் சொல்லிக் கத்தி, எதிரொலி வருகிறதா என்று சிலர் காது கொடுத்தார்கள். வரவில்லை. என் பக்கத்தில் ஒரு சிறுவன், பதினோரு வயது இருக்கலாம், கம்பியில் முகத்தைப் பதித்து நின்றான்.

"குகை வாசல் எங்கப்பா?"

அவனுடைய அப்பா கொஞ்ச நேரம் தேடிவிட்டு, மரங்கள் இருந்த திசையில் பொதுவாகக் கையைக் காட்டினார். அவருடைய மறுகை பையனின் காலரில் இருந்தது.