எச்சரிக்கையாகப் பிறந்த நகரம்

சவூதி அரேபியாவின் 'தி லைன்' படங்களைப் பார்த்திருப்பீர்கள். பாலைவனத்தில் 170 கி.மீ. நீளம், 500 மீட்டர் உயரம், வெறும் 200 மீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடி நகரம். இந்தக் கோட்டின் பூர்வீகம் மாட்ரிட்.

1882-இல் அங்கே அர்துரோ சோரியா என்பவர், டிராம் பாதையின் இருபுறமும் வீடுகள் அமைத்தால் நெரிசல் தீரும் என்றார். சில கிலோமீட்டர் கட்டியும் காட்டினார். 1930-இல் அதே யோசனையை மாஸ்கோவில் நிக்கொலாய் மில்யூதின் கையிலெடுத்தார். நிதித்துறை பார்த்த அந்தப் புரட்சிக்காரர், தன் திட்டத்தில் குடியிருப்புக்கும் ஆலைக்கும் நடுவே நெடுக மரங்களை வைத்தார். இருவருக்கும் கோடு என்றால் நம்பிக்கை.

ஃபுளோரன்ஸில் அது தலைகீழானது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தது. அடுத்த மாதமே பக்கத்து ஊரான பிஸ்தோயாவில் சூப்பர்ஸ்டுடியோ, ஆர்க்கிசூம் என்ற ஃபுளோரன்ஸின் இரு இளம் கட்டடக்கலைஞர் குழுக்கள் கண்காட்சி வைத்தன. நவீனக் கட்டடக்கலை சந்தைக்கும் அதிகாரத்துக்கும் ஏவல் செய்கிறது என்பது அவர்கள் கோபம். அந்தப் போக்கை அதன் எல்லைவரை வரைந்து காட்டினால் மக்கள் திடுக்கிடுவார்கள் என்று சூப்பர்ஸ்டுடியோ நம்பியது. 1969-இன் 'தொடர் நினைவுச்சின்னம்' அப்படிப் பிறந்தது. மன்ஹாட்டனையும் பாலைவனத்தையும் ஒன்றுபோல விழுங்கி, உலகையே சுற்றிவரும் ஒற்றைக் கட்டடம். மேனியெங்கும் கணக்கு நோட்டுபோலச் சதுரக் கட்டங்கள். புகைப்படங்களை வெட்டி ஒட்டிச் செய்த அந்தப் படங்கள் இன்றும் என்னை நடுங்க வைக்கின்றன.

சந்தை அந்தக் கோபத்தையும் வாங்கிக்கொண்டது. ஸனோட்டா என்ற அறைகலன் நிறுவனம் அதே கட்டங்களை 3 செ.மீ. இடைவெளியில் லேமினேட்டில் அச்சிட்டு மேசையாக்கியது. 'குவடெர்னா' என்ற அந்த மேசை இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. 1972-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் சூப்பர்ஸ்டுடியோவைக் கண்காட்சிக்கு அழைத்தது.

அதே ஆண்டு லண்டனில் கட்டடக்கலைஞர் ரெம் கூல்ஹாஸ், சூப்பர்ஸ்டுடியோவின் பாதிப்போடும் தான் நேரில் ஆராய்ந்த பெர்லின் சுவரின் நினைவோடும், நண்பர்களுடன் சேர்ந்து ஒரு திட்டம் வரைந்தார். லண்டனுக்குக் குறுக்கே இரு சுவர்கள். நடுவே விரும்பிச் சிறைபுகும் மக்கள். பின்னாளில் பெய்ஜிங்கில் சீன அரசுத் தொலைக்காட்சியின் தலைமையகத்தை வடிவமைத்ததும் அவருடைய அலுவலகம்தான்.

சூப்பர்ஸ்டுடியோவின் அடோல்ஃபோ நட்டாலினி 2020-இல் காலமானார். அடுத்த ஆண்டு சவூதி இளவரசர் 'தி லைன்' திட்டத்தை அறிவித்தார். எச்சரிக்கையின் உருவம் அப்படியே வந்திருந்தது. கட்டடக்கலை யாருக்கு ஏவல் செய்கிறது என்ற அதன் கேள்வி மட்டும் வரவில்லை. அதைக் கேட்டவர்கள் திட்டப் பகுதியில் காலங்காலமாக வாழ்ந்த ஹுவைத்தாத் குலத்தார். வெளியேற மறுத்த பலர் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.