நெல் மலிந்த காலம்

"நெல்லு கெடந்துச்சய்யா, காசுதான் இல்ல." தஞ்சைத் தரணியில் வளர்ந்த என் பாட்டி, தம் சிறுவயதுத் துன்பத்தைக் கூறும்போதெல்லாம் இப்படித்தான் தொடங்குவார். சிறுவனாகிய எனக்கு அது புதிராகவே இருந்தது. மழை பொய்த்தால் பஞ்சம் வரும். விளைந்து கிடக்கும்போது வீட்டிலே வறுமை எப்படி வரும்? தம் தாயாரின் காசுமாலை விலைபோனது அப்போதுதான் என்பார். நியூயார்க் என்றொரு நகரம் உண்டென்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

அந்நகரத்துப் பங்குச்சந்தை 1929 அக்டோபர் இறுதியில் சரிந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்தோர் வீழ்ந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 அமெரிக்க வங்கிகள் மூடப்பட்டன. அயல்நாடுகளுக்குச் சென்றுகொண்டிருந்த அமெரிக்கக் கடன் நின்றது. நாடுகள் சுங்கவரியை உயர்த்திக்கொண்டு ஒன்றிடம் ஒன்று வாங்குவதைக் குறைத்தன. ஏற்கெனவே தளர்ந்திருந்த விளைபொருள் விலை அதலபாதாளத்திற்குப் போயிற்று. போதாக்குறைக்கு, ரூபாயை 18 பென்ஸ் என்ற உயர்ந்த மதிப்பில் நிறுத்திவைக்க, இந்தியாவில் பணப்புழக்கத்தையே சுருக்கியது ஆங்கில அரசு. பர்மாவின் மலிவான அரிசியும் சென்னை மாகாணத்தில் வந்து குவிந்தது.

நெல்விலை குறைந்தால் உண்பவனுக்கு நன்மைதானே எனலாம். கூலியை நெல்லாகவே பெற்றவர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் கிஸ்தியும் வட்டியும் ரூபாயில் அல்லவா குறிக்கப்பட்டிருந்தன! பத்து மூட்டை நெல்லை விற்று அடைக்கலாம் என்று ஒருவர் கடன் வாங்கினார் என வைத்துக்கொள்வோம். விலை பாதியானதும் அதே கடனுக்கு இருபது மூட்டை வேண்டும். பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கடன் மட்டும் இரட்டித்துவிட்டது. பாட்டி சொன்ன புதிரின் விடை இதுவே. கடன் கொடுத்து வந்த நகரத்தார் பலருக்கோ, முதல் பர்மாவின் வயல்களில் முடங்கிப்போயிற்று. கடனுக்கு ஈடாக வந்த நிலங்களால், 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் வசமாயிற்று. அதை விற்கவும் ஆளில்லை.

1931 செப்டம்பர் 21-இல் பிரிட்டன் தன் பவுனைத் தங்கத்திலிருந்து விடுவித்தது. பவுனின் மதிப்பு இறங்க, அதனோடு கட்டப்பட்ட ரூபாயும் இறங்கியது. தோலா ஏறத்தாழ 21 ரூபாயாக இருந்த தங்கம் விலையேறியது. நெருக்கடியில் தவித்த குடும்பங்களில் விலைபோகக்கூடிய பொருள் அது ஒன்றே. நூற்றாண்டுகளாகத் தங்கத்தை உள்ளே இழுத்துவந்த நாடு, பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக அதைக் கப்பல் கப்பலாக வெளியே அனுப்பியது. ஏற்றுமதியைத் தடைசெய்யுங்கள் என்று தேசியவாதிகள் கேட்டனர். நிதி உறுப்பினராயிருந்த ஜார்ஜ் ஷுஸ்டர் இணங்கவில்லை. மக்கள் நல்ல விலைக்கு விற்று இலாபம் அடைகிறார்கள் என்பதே அரசுத் தரப்பின் வாதம். ஒருவகையில் கணக்குச் சரிதான்: வாங்கிய விலையைவிட விற்ற விலை அதிகம். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தவளைக் கேட்டிருந்தால் வேறு கணக்கு கிடைத்திருக்கும்.

அதே 1931-இன் மே மாதத்தில் திருத்தந்தை பதினோராம் பயஸ் 'நாற்பதாம் ஆண்டு' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். கடன் வழங்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துள்ள சிலர், பொருளாதாரத்தின் குருதியோட்டத்தையே ஆள்கின்றனர் என்ற கருத்து அதில் உண்டு. குருமடத்தில் அதைத் தேர்வுக்காகப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஐரோப்பா அன்று. பாட்டி சொன்ன காசுமாலைதான்.

1938-இல் இராஜாஜி அமைச்சரவை விவசாயிகளின் கடன்சுமையைக் குறைக்கச் சட்டம் இயற்றியது. பலருக்கு அது உதவிற்று. எங்கள் குடும்பத்தில் அதற்குள் நிலமும் நகையும் கைமாறிவிட்டன. கொள்ளுப்பாட்டியின் சிலுவைத் தாலி மட்டும் எஞ்சியது, சங்கிலியில் அன்று, மஞ்சள் கயிற்றில். அந்தக் கயிற்றோடுதான் அவரை அடக்கம் செய்தார்களாம்.